தகரமும் கருவாடும் ஒரே இசைத்தட்டில்

என் தங்கை அம்ஹாவின் புருசன் றிப்தியைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்குத் தலையிடிக்கும். நிந்தவூரில் எங்கள் நெல் ஆலையில் எனக்குக் கைகொடுக்கிறவன். வேலையில் குறை சொல்ல முடியாது. மற்றதெல்லாம் குறைதான். பங்க் என்று ஒரு பாட்டு வகை இருக்கிறதாம். அதிலும் பாட்டை எடுத்துவிட்டு இரைச்சலை மட்டும் வைத்துக்கொள்கிற வகை ஒன்று. அதுதான் அவனுக்கு உயிர். மூன்று பேர் கூடித் 'தகரம்' என்று ஒரு குழு வைத்திருந்தார்கள். ஊரில் எங்கே வாசித்தாலும் ஏச்சு விழுந்தது. ஆலை ஓடும்போது வாசித்தால் வெளியே கேட்காது என்று என் ஆலையையே பிடித்துக்கொண்டார்கள்.

சுனாமிக்கு முந்திய மாதம் சொறிக்கல்முனைக் கிசோக் அவர்கள் வாசிப்பதைக் கசட்டில் பதிய வந்தான். அவனுக்கும் 'கருவாடு' என்று இதே மாதிரி ஒரு குழு. பாதியில் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு ஒலித்தது. நான் வழக்கம்போல ஆலையை நிறுத்தினேன், அவர்களும் நிறுத்தினார்கள். கசட்டை மட்டும் யாரும் நிறுத்தவில்லை. பாங்கு முடிந்ததும் டிரம்ஸ் அடிக்கிற மசூர் ஏதோ பகிடி சொல்ல, சிரித்துவிட்டு மறுபடி தொடங்கினார்கள்.

மசூரின் வீடு சாய்ந்தமருதில் கடலோரம். அடுத்த மாதம் கடல் அவனையும் வீட்டையும் கொண்டுபோய்விட்டது. ஒரு படம்கூட மிஞ்சவில்லை. கிசோக்கிடம் இருந்த கசட் ஒன்றுதான் மிச்சம். அதற்குப் பிறகு றிப்தி கிற்றாரைத் தொடவில்லை. மசூர் அடித்தது அழியாமல் எங்காவது இருக்கவேண்டும் என்று அதையே சொல்லிச் சொல்லி எங்கள் உயிரை எடுத்தான்.

வடக்கில் சண்டை முடியப்போகிற நேரம், ஜெர்மனியில் இரண்டு நண்பர்கள் நடத்துகிற சின்னக் கம்பனி ஒன்று இசைத்தட்டுப் போட முன்வந்தது. ஒரு பக்கம் தகரம், மறுபக்கம் கருவாடு. அனுப்புகிற பொறுப்பு கிசோக்குக்கு. றிப்தி அவனுக்குப் போன் எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"பாங்கு இந்தக் கூத்துக்குள்ள வரப்படாது. நாங்க நிப்பாட்டின இடத்திலிரிந்து திரும்பத் தொடங்கின இடம் மட்டும் வெட்டு. ஒரு சொட்டும் மிஞ்சப்படாது."

"டேய், அதுக்குள்ள..."

"வெட்டெண்டா வெட்டு." போனை வைத்துவிட்டான்.

சண்டை முடிந்து சில மாதங்களில் தட்டு வந்தது. அதை எதில் போட்டுக் கேட்பது என்று இந்த அறிவாளி யோசிக்கவே இல்லை. கல்முனை முழுக்க அலைந்து, ரேடியோ திருத்துகிற பக்கீர் முகைதீனின் கடையில் பழைய பிளேயர் ஒன்றைக் கண்டுபிடித்தோம். அலைந்தது என் மோட்டார் சைக்கிளில், என் பெற்றோலில்.

தகரத்தின் பக்கம் ஓடியது. பக்கீர் முகைதீன் காதைப் பொத்திக்கொண்டார். நடுவில் இரைச்சல் ஒரு கணம் தடுக்கி மறுபடி ஓடியது. றிப்தியின் முகம் செத்துப்போயிற்று.

"மச்சான், இதுக்குள்ளதானே மசூர் கதைச்சவன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை வருடம் மசூர், மசூர் என்று உருகிவிட்டு, அவன் பேச்சைத் தன் வாயாலேயே வெட்டச் சொன்னவனை என்ன செய்வது? அவனோ கிசோக்குக்குப் போன் எடுத்து ஏசினான்.

"என்ட கூட்டாளிட கதையையுமா வெட்டின நீ?"

"நீதானே வெட்டச் சொன்ன. என்னைக் கதைக்க உட்டியா? மத்தப் பக்கத்தப் போட்டுக் கடைசிமட்டும் கேளு. நான் லைன்ல நிக்கன்."

கருவாடு தகரத்தைவிட மோசம். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டோம். அவர்களுடைய கடைசிப் பாட்டு பாதியிலேயே அறுந்தது. பாங்கு இல்லை. ஆலைச் சத்தமும் இல்லை. மசூரின் குரல் மட்டும் வந்தது.

"என்ட காது ரெண்டும் போச்சிடா. நம்மட அடியவிட றிப்திட மச்சான்ட மில்லுச் சத்தம் எவ்வளவோ மேல்."

பிறகு சிரிப்பு. தட்டு முடிந்தது.

அதையேதான் நானும் அவர்களிடம் ஓயாமல் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவன் வாயால் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. தங்கள் பாட்டை அறுத்துத்தான் கிசோக்கின் ஆட்கள் அவனுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

"கேட்டியா?" என்றது போன்.

றிப்தி போனை என் பக்கம் நீட்டினான். நான்தான் பதில் சொன்னேன்.

"ஓம் தம்பி. கேட்டம்."