மாட்டுப் புரதமும் என் நாத்தனாரும்

எனக்கு ஈரலில் புற்றுக் கட்டி. கொடுத்த மருந்தெல்லாம் கேட்கவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். அப்போதுதான் கோலாலம்பூர் ஆஸ்பத்திரி ஒன்றில் ஒரு மலாய் டாக்டரம்மா, புதிதாகச் சோதித்துப் பார்க்கிற ஊசி ஒன்று இருக்கிறது என்றார்.

என் மகள் துருவித் துருவிக் கேட்டாள். டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். ஒரு கிருமியைப் பிடித்து, நோய் தராதபடி அதன் பல்லைப் பிடுங்கிவிடுவார்களாம். மிருகப் புரதம் ஒன்றைச் செய்யும் குறிப்பை அதற்குள் வைத்துக் கட்டிக்குள் செலுத்துவார்களாம். கிருமி கொண்டுபோன குறிப்பைப் பார்த்துப் புற்று அணுவே அந்தப் புரதத்தைச் செய்து, அதனாலேயே சாகுமாம். தன் சோற்றில் தானே விஷம் கலந்துகொள்கிற மாதிரி. எனக்குப் புரிந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாவதோடு நின்றவளுக்குப் புரியாது என்று மகள் மறுபடி விளக்கியதுதான் எரிச்சல்.

"பயப்படாதீங்க ஆன்டி, பன்றி இல்ல," என்று டாக்டரம்மா மலாயில் சொல்லிச் சிரித்தார். இந்த நாட்டில் எதை உடம்புக்குள் விட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். "மாட்டோட புரதம்தான்."

"அப்ப ஓகே லா," என்றாள் மகள்.

பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சி படாத உடம்பு இது. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யோசித்து அடுத்த வாரம் சொல்லுங்கள் என்று டாக்டரம்மாவே அனுப்பினார்.

கிள்ளானில் எங்கள் வீட்டில் நாத்தனார் இருந்தார். என் கணவரின் அக்காள். கணவர் போன பிறகும் வீடு அவர் அதிகாரத்தில்தான். மகள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்னாது, மாடா? பொட்டு வெச்சிக் கும்பிட்டுட்டு, இப்ப மாட்டையே உடம்புல ஏத்திக்கப் போறாளா?"

"அத்தை, மாட்ட வெட்டி எடுக்கல. லேப்ல செய்யுறது."

"படிச்ச திமிரு, நீ பேசாத." என் பக்கம் திரும்பினார். "ஊசி போட்டுக்கிட்டா சாமி ரூம்புல கால வைக்கக் கூடாது. பொங்கப் பானையத் தொடக் கூடாது. உசுரு என்னாடி, வெல்லக்கட்டியா? வயசாச்சு, போனாப் போவுது."

என் உயிரைத்தான் அப்படிச் சொன்னார். அன்றிலிருந்து நான் போட்ட டீயைக் குடிக்கவில்லை. நான் கழுவி வைத்த டம்ளரை, எனக்குக் கேட்கிற மாதிரி, மறுபடியும் கழுவினார். ஊசி போடுவதற்கு முன்பே இந்தக் கூத்து.

ஒரு நாள் செராஸில் இருக்கிற சொந்தக்காரர்களிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார். "நாங்க மாட்ட தெய்வமா வளர்த்த குடும்பம்!"

நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வளர்த்தது உண்மைதான். கொட்டகை போட்டுப் பால் விற்ற குடும்பம். சாணி அள்ளியது நான், அதிகாரம் பண்ணியது அவர். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் சாயம் அடிப்போம். பால் நின்றுபோன மாட்டை லோரிக்காரன் வந்து ஏற்றிப் போவான். அதற்கும் பொட்டு வைத்துத்தான் அனுப்புவோம். எங்கே கொண்டுபோகிறாய் என்று அவனை யாரும் கேட்க மாட்டோம். அதுதான் எங்கள் வழக்கம். கேட்காதவரை பாவமில்லை.

கீரையை வைத்துவிட்டுப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"அண்ணி, பால் நின்ன மாட்டையெல்லாம் லோரியில ஏத்துனீங்களே. அதெல்லாம் எங்க போச்சு?"

"என்னா பேச்சு இது?"

"கோயிலுக்கா போச்சு?"

அவசரமாகப் போனைக் கையால் பொத்தினார். "விக்கிறது வேற..." என்று இழுத்தார் நாத்தனார்.

"வேறதான். இந்த ஊசிக்கு ஒரு மாடும் சாகல. நான்தான் சாகணும்னு பாக்குறீங்க. நானும் உங்களுக்குப் பால் நின்ன மாடுதானே அண்ணி?"

நாத்தனார் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுவாரம் டாக்டரம்மாவிடம் மகளை முந்திக்கொண்டு நானே மலாயில் சொன்னேன், போடுங்கள் என்று. இப்போது போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஊசிக்கு மறுநாள் காய்ச்சல் அடிக்கிறது. கட்டி சுருங்குகிறதா என்று இன்னும் சொல்லவில்லை. நாத்தனார் இன்னும் டம்ளரைக் கழுவிக்கொண்டுதான் இருக்கிறார். கழுவட்டும். பொங்கல் வரட்டும், நான் இருந்தால் பானையை நான்தான் வைப்பேன். தீட்டு என்றால் அவர் வாசலுக்கு வெளியே போய் நிற்கட்டும்.