ரெண்டு பெடலும் ஒரு செப்புக் கம்பியும்

போன வாரம் எங்கள் வீட்டு மிக்ஸி புகைந்தது. சரியாக ஊறாத உளுந்தைப் போட்டு அரைத்தது நான்தான் என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வதால் குடி முழுகிவிடாது. மோட்டாருக்குள் சுற்றிய செப்புக் காயில் கருகும் நாற்றம் தெரியுமல்லவா? வார்னிஷும் வெல்லமும் சேர்ந்து தீய்ந்தது போல இருக்கும். அது மூக்கில் ஏறினால் எனக்குக் கனகமணி ஞாபகம் வந்துவிடும். பெண்களின் ஞாபகம் மல்லிகை வாசத்தோடு வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

தொண்ணூறுகளின் பின்பாதி. கோயம்புத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி. நான் எலக்ட்ரிகல், கனகமணி மெக்கானிக்கல். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். கல்லூரி விழாவில் சண்டை ரோபோ என்று ஒரு போட்டி அறிவித்தார்கள். பத்து கிலோவுக்குள் வண்டி செய்ய வேண்டும், ஒயர் இழுத்து ஓட்டலாம், எதிரி வண்டியைச் சுண்ணாம்பு வட்டத்துக்கு வெளியே தள்ள வேண்டும். மூன்று ஆட்டத்தில் ரெண்டு ஜெயித்தால் போதும். ரோபோ என்பதை அதுவரை நாங்கள் யாரும் நேரில் கண்டதில்லை. அதனாலேயே தைரியமாகப் பெயர் கொடுத்தோம்.

அவளுக்கு இதில் பந்தயம் வேறு. பட்டறைப் பொறுப்பாளர் பெண்களை வெல்டிங் பக்கமே விடமாட்டார். "படம் வரைஞ்சாப் போதும் அம்மணி" என்பார். மாதக்கணக்கில் கெஞ்சி, இந்த வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு மட்டும் அவளே வெல்டிங் வைக்க அனுமதி வாங்கியிருந்தாள். சட்டம் போட்டியில் தாக்குப்பிடித்தால் வருஷம் முழுக்க வெல்டிங் வேலை தருவதாக அவரும் வாக்குக் கொடுத்திருந்தார். பேட்டரி, பீஸ் என்று நாங்கள் சொல்லும் ஃபியூஸ், வேகக் கட்டுப்பாடு மூன்றும் என் பொறுப்பு. என்னை நம்பியது அவள் செய்த ஒரே தப்பு.

முதலில் பேட்டரி. பெரிது என்றால் நல்லது என்பது என் சித்தாந்தம். அன்னூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்து டிராக்டர் பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் காந்திபுரம் வந்து இறங்கினேன். கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டார். கனகமணி அதைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை. வண்டியே பத்து கிலோதானுங்களே என்று மட்டும் கேட்டாள். அந்த வாரம் என் பேண்ட்டைத் துவைத்தபோது அமிலம் பட்ட இடமெல்லாம் சல்லடையாக வந்தது. கடைசியில் ஒரு மெக்கானிக்கிடம் பழைய பைக் பேட்டரி வாங்கினோம். உக்கடத்துப் பழைய சாமான் கடையில் கார் வைப்பர் மோட்டார் ரெண்டு கிடைத்தது.

வேகத்துக்கு சீலிங் ஃபேன் ரெகுலேட்டரை மாட்டினேன். மோட்டார் முனகியதோடு சரி. அப்புறம்தான் தையல் மிஷின் மோட்டாரின் கால் பெடல் என் புத்தியில் பட்டது. சக்கரத்துக்கு ஒன்றாக ரெண்டு பெடல். பாதி அமுக்கினால் பாதி வேகம் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினேன். வண்டிக்கு அந்தப் படம் புரியவில்லை. முக்கால்வாசி அமுக்கும்வரை சும்மா நிற்கும், கடைசி அழுத்தத்தில் கன்றுக்குட்டி மாதிரி துள்ளும். பின்னால் போகவே போகாது. வீரம் என்று சொல்லிக்கொண்டேன்.

பீஸ் விஷயத்தில் அவள் தெளிவாக இருந்தாள். "பத்து ஆம்பியரே போடுங்க. பீஸ் போனாப் போகட்டும், ஒரு ஆட்டம்தானுங்க தோப்போம். மோட்டார் தப்பிச்சுக்கும்." தலையாட்டினேன். ஆனால் ஒத்திகையில் ரெண்டு தடவை பீஸ் போனது. கல்லூரியே பார்க்கும்போது அப்படி நின்றுபோனால் என் மானம் என்ன ஆகும்?

எங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் பீஸ் போனால் அப்பா ஒயரிலிருந்து நாலு செப்பிழையை உருவி, முறுக்கி, பீஸ் கட்டையில் சுற்றிவிடுவார். இனி ஜென்மத்துக்கும் போகாது என்பார். நிஜம்தான், பீஸ் போகாது. மோட்டார்தான் வருஷா வருஷம் காயில் கட்டப் போகும். இதில் முதல் பாதியை மட்டும் நான் கற்றுவைத்திருந்தேன். போட்டி அன்று காலை அவளுக்குத் தெரியாமல் செப்பிழையைச் சுற்றிவிட்டேன்.

வட்டத்துக்கு வெளியே முக்காலி போட்டு, தீபாவளி நெருக்கத்துத் தையல்காரர் போல ரெண்டு பெடலிலும் கால் வைத்து உட்கார்ந்தேன். எதிர் அணிப் பையன்கள் "இடிக்கலாமுங்களா?" என்று அனுமதி கேட்டுவிட்டுத்தான் இடித்தார்கள். நம் ஊர்ச் சண்டை அப்படி. ரெண்டு வண்டியும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. எதுவும் நகரவில்லை. பத்து ஆம்பியர் பீஸாக இருந்தால் அந்த இடத்தில் போயிருக்கும், நாங்களும் ஒரு ஆட்டம் தோற்று அடுத்ததற்குத் தயாராகியிருப்போம். கனகமணி "காலை எடுங்க" என்றாள். இன்னும் கொஞ்சம் அமுக்கினால் ஜெயம் என்று தோன்றியது. "காலை எடுங்க, கருகுது" என்றாள். புகை வந்தது. ரெண்டு மோட்டாரும் போயின.

கூட்டம் வண்டியைச் சூழ்வதற்குள் பீஸ் கட்டையைப் பிடுங்கிப் பேண்ட் பையில் போட்டுக்கொண்டேன். பட்டறைப் பொறுப்பாளர் வந்து சட்டத்தைக் காலால் ஒரு புரட்டுப் புரட்டினார். "சட்டம் கோணிப்போயிச் சக்கரத்தைப் புடிச்சுக்கிச்சு. அதான் மோட்டார் போச்சு. பொம்பளைப் புள்ளைங்களுக்கு இது வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன்."

அவள் மண்டியிட்டு ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிப் பார்த்தாள். எங்கே தப்பு என்று தேடினாள். தப்பு என் பையில் கிடந்து தொடையைச் சுட்டது. நான் பையைக் கையால் பொத்திக்கொண்டேன். அன்று என்னைப் போல ஒரு கோழை அந்த மைதானத்தில் வேறு யாரும் இல்லை.

அவள் அப்புறம் வெல்டிங் கேட்டுப் போகவே இல்லை. படித்து முடித்துக் கம்ப்யூட்டர் வேலைக்குப் பெங்களூர் போனாள். ஈரோட்டில் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். நான் இந்தக் காலத்துப் பேட்டரிகளின் எடை குறைந்ததைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். அவளும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

அந்தப் பட்டறையை இடித்துவிட்டார்கள். வண்டியின் சட்டம் மட்டும் என்னோடு வந்து, மூன்று வாடகை வீடுகளில் கேஸ் சிலிண்டரைத் தாங்கி நின்றது. சென்ற வருஷம் அதையும் என் மனைவி பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாள். நான் வாசலுக்கு வந்தபோது அவர் அதை மடக்குவதற்குச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"ஏனுங்க, யாருங்க இதுக்கு வெல்டிங் வெச்சது? எங்க அடிச்சாலும் உட்டுக்குடுக்க மாட்டேங்குது."

"கனகமணிங்க" என்றேன். "மோட்டாரைக் கருக்கிப்போட்டது நானுங்க."

எந்த மோட்டார் என்று அவர் கேட்கவில்லை. சட்டத்தை அப்படியே முழுசாக வண்டியில் ஏற்றிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.