குழாய்க்குள் ஒரு காது

ஆரபி என்ன வேலை செய்கிறாள் என்பதை அவளுடைய அம்மாவுக்கு விளங்கப்படுத்த இரண்டு மாதம் போதவில்லை.

"தண்ணி பாய்ஞ்சுகொண்டிருக்கிற குழாயிலை ஓட்டை போட்டு, அதுக்குள்ளை ஒரு கருவியை விட்டு, எங்கை ஒழுகுதெண்டு கண்டுபிடிக்கிறதம்மா."

"ஒழுகிற குழாயிலை இன்னொரு ஓட்டையோ? இதுக்கோ நாலு வருசம் படிச்சனி?"

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. பருத்தித்துறைக் கரையில் அவர்களுடையது கடலோடிக் குடும்பம். பூட்டனார் பாய்க்கப்பலில் போனவர். அப்பா எஞ்சின் பூட்டிய வள்ளத்தில் போகிறவர். தண்ணீர் உள்ளே வந்துவிடக்கூடாது என்பதற்காகவே நான்கு தலைமுறையாகப் பாடுபட்ட வீடு அது. அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளை, தண்ணீர் வெளியே போய்விடக்கூடாது என்று பாடுபடுகிறாள். இது முன்னேற்றமா, வெறும் திசைமாற்றமா என்று அவளுக்கே சில நாட்களில் குழம்பிவிடும். பட்டமளிப்புப் படத்தை விறாந்தையில் மாட்டியிருந்தார்கள். வருகிறவர்கள் படத்தைப் பார்த்து, "பிள்ளை பாலம் கட்டுறாவோ?" என்று கேட்டால் அம்மா "ஓம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவார்.

உண்மையில் அவள் ஒரு நீர்வழங்கல் அலுவலகத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள். கொழும்பிலிருந்து இரண்டு மாதப் பரீட்சார்த்தத்துக்கு என்று வந்த ஒரு பெட்டிக்கு அவள் பொறுப்பு. பெட்டிக்குள் இருந்தது நெல்லிக்காய்ப் பருமனில் ஒரு காது. நீண்ட கேபிளின் நுனியில் அது இருக்கும். பக்கத்தில் குழந்தைகள் செய்யும் பரசூட்டைப்போல ஒரு சின்னக் குடை. குழாய்க்குள் இறக்கிவிட்டால் ஓடுகிற தண்ணீர் குடையைத் தள்ள, குடை காதை இழுத்துக்கொண்டு போகும். ஒழுக்கு இருக்கும் இடத்தில் தண்ணீர் சீறும் சத்தம் ஆரபியின் ஹெட்போனில் கேட்கும். வீதியைக் கிளறத் தேவையில்லை, தண்ணீரை வெட்டத் தேவையில்லை.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வில்லங்கமெல்லாம் அந்த முதல் ஒரு முழத்தில். குழாயின் முதுகில் சேணம் வைத்த மாதிரி ஓர் இரும்புப் பட்டி. அதற்கு மேலே ஒரு வால்வு. வால்வுக்கு மேலே நெஞ்சளவு உயரத்தில் ஒரு குழல். காது அதற்குள் காத்திருக்கும். குழலின் உச்சியில் றப்பர் வளையங்கள் கேபிளைச் சுற்றிப் பிடித்திருக்கும். வால்வைத் திறந்தால் தண்ணீர் குழலுக்குள் ஏறி, வளையங்களில் முட்டி நிற்கும். பிறகு கேபிளைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக் காதை இறக்கவேண்டும். வளையம் இளகியிருந்தால் தண்ணீர் பீறிடும். இறுகியிருந்தால் கேபிளின் தோல் உரியும். காது திரும்பிக் குழலுக்குள் வந்து சேரும்வரை வால்வை மூடவே கூடாது. மூடினால் கேபிள் கத்தரிபட்டுக் காது குழாயோடு போய்விடும்.

இந்தப் பாடத்தின் முதற்பகுதியை ஆரபி கோப்பாயில் படித்தாள். வளையத்தை இறுக்க மறந்து வால்வைத் திறந்ததில் தண்ணீர் தென்னை உயரத்துக்கு எழும்பியது. பள்ளிக்கூடம் விட்ட நேரம். வெள்ளைச் சீருடையில் வந்த பிள்ளைகள் சைக்கிள்களை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். நனைந்து நின்ற துரைராஜா மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மிஸ், எங்கடை சேர்ச்சிலை ஞானஸ்நானத்துக்கு இவ்வளவு தண்ணி பாவிக்கிறேல்லை" என்றார்.

துரைராஜா உடுப்பிட்டிக்காரர், அலுவலகத்தின் குழாய் பொருத்துநர். மெதடிஸ்த சேர்ச் பாடற்குழுவில் தாழ்ந்த குரல் அவருடையதுதான். பெட்டியில் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஆரபியில் நம்பிக்கை உண்டா என்று அவர் சொன்னதில்லை. அவளும் கேட்கவில்லை, பதில் என்னவாக இருக்கும் என்ற பயத்தில்.

இரண்டு மாதமும் முடிகிற கிழமை. புத்தூரில் ஓர் ஒழுங்கையில் பகலும் இரவும் தண்ணீர் காணாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கே என்று யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேலதிகாரி சொன்னதில் ஒளிவுமறைவு இல்லை. "நாளைக்கு உங்கடை காது அந்த இடத்தைக் காட்டவேணும். இல்லாட்டில் திங்கள் காலமை பெக்கோ மெசின் வந்து அறுநூறு மீற்றரையும் கிளறும். பெட்டி கொழும்புக்குத் திரும்பும்." பெட்டி போனால் ஆரபியின் ஒப்பந்தமும் அதோடு போகும் என்பதை அவர் சொல்லவில்லை. அது அவளுடைய ஒப்பந்தக் கடிதத்தில் இருந்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆரபி வளையங்களை மூன்று தடவை சரிபார்த்தாள். நான்காம் தடவை பார்க்கப் போனபோது துரைராஜா, "மிஸ், இன்னும் இறுக்கினால் உது அழும்" என்றார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு வால்வைக் கால் திருப்பு, அரைத் திருப்பு என்று திறந்தாள். குழல் ஒருமுறை நடுங்கியது. தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது, நின்றது. உச்சியில் ஒரு துளி தோன்றி, யோசித்து, உருளாமல் அங்கேயே இருந்தது.

"அண்ணை! ஒழுகேல்லை!"

"சத்தம் போடாதேங்கோ, அதுக்குக் கேட்டிடும்."

கேபிள் இறங்கியது. அடையாளக் கோடுகளை எண்ணினாள்: ஒரு மீற்றர், மூன்று, எட்டு, பன்னிரண்டு. பன்னிரண்டில் நின்றது. தள்ளினாள். கேபிள் வளைந்தது. ஹெட்போனில் ஒன்றும் இல்லை, பெருங்கிணற்றுக்குள் காதை வைத்த மாதிரி ஒரு மௌனம்.

"தண்ணி ஓடேல்லை அண்ணை. குடையைத் தள்ள ஆளில்லை."

சனிக்கிழமைக் காலையில், அறுபது வீட்டு ஒழுங்கையில், ஒருவர்கூடவா பைப்பைத் திறக்கவில்லை? ஆரபி கிட்ட இருந்த ஒரு வீட்டுக் கேற்றைத் தட்டினாள். பத்மாசினி என்ற பெண் வந்து திறந்தார். அவருக்குப் பின்னால் முற்றம் முழுக்கத் தண்ணீர். குடம், வாளி, கிடாரம், இடியப்பச் சட்டி, பேரப்பிள்ளை குளிக்கும் நீலத் தொட்டி, எல்லாம் விளிம்புவரை நிரம்பி வெயிலில் மினுங்கின.

"என்னம்மா இது?"

"நீங்கள்தானே பிள்ளை நோட்டீஸ் தந்தனீங்கள்?"

நோட்டீஸை எழுதியதே ஆரபிதான். 'சனிக்கிழமை குழாய்ப் பரிசோதனை நடைபெறும். நீர் விநியோகம் தடைப்படாது.' இரண்டாவது வசனத்துக்குக் கீழே கோடும் போட்டிருந்தாள்.

"தடைப்படாது எண்டு எழுதியிருக்கிறனே அம்மா!"

"அதைப் பாத்துத்தானே நிறைச்சனாங்கள். கோடு வேறை போட்டிருந்தது" என்றார் பத்மாசினி, குழந்தைக்குச் சொல்வதுபோல. "தடைப்படாது எண்டு கந்தோர்காரர் வேலைமினக்கெட்டு எழுதினால் எத்தினை நாளைக்கு வராதெண்டு ஆருக்குத் தெரியும்?"

ஒழுங்கை முழுதும் இதே கதை. எல்லோரும் வெள்ளிக்கிழமையே நிறைத்துவிட்டார்கள். ஆழ்வாப்பிள்ளை வீட்டில் படகு மாதிரி ஒரு மரத்தொட்டியைக்கூட நிறைத்து வைத்திருந்தார்கள். "கொஞ்சம் பைப்பைத் திறந்து விடுங்கோ" என்று ஆரபி கேட்ட இடமெல்லாம் ஒரே பதில்: "எதுக்குள்ளை விடுறது? சும்மா நிலத்திலையோ? நல்ல தண்ணியையோ?"

ஆரபி வீதியோரத்தில் குந்தினாள். நல்ல தண்ணீரை நிலத்தில் விட மனம் வராத ஊரிடம், தண்ணீரைக் காப்பாற்றுவதற்காகத் தண்ணீரைத் திறந்துவிடு என்று எப்படிச் சொல்வது? நான்கு வருடம் படித்ததில் இதற்கு ஒரு சூத்திரமும் இல்லை. அழுகை வரும்போல இருந்தது. வந்தது சிரிப்பு. இரண்டும் ஒரே குழாயில்தான் வருகின்றனவோ என்று நினைத்ததும் இன்னும் சிரித்தாள்.

"மிஸ்சுக்கு வெயில் பிடிச்சிட்டுது" என்றார் துரைராஜா.

அந்த நேரத்தில்தான் பத்மாசினியின் கணவர் கனகரத்தினம் வீட்டுக்குள்ளிருந்து வந்தார். சாறத்தை மடித்துக் கட்டியிருந்தார். தோளில் துவாய். தலையிலிருந்து நல்லெண்ணெய் காது வழியாக வழிந்துகொண்டிருந்தது. சனி முழுக்கு! ஆரபி துள்ளி எழுந்தாள். இந்த ஒழுங்கையில் இருக்கும் ஆம்பிளைகள் அத்தனை பேரும் இந்நேரம் தலையில் எண்ணெயோடு நிற்பார்கள்!

"ஐயா, எங்கை முழுகப் போறியள்?"

"வேறை எங்கை, கிணத்தடியிலை."

"இண்டைக்கு ஒருநாள் பைப் தண்ணியிலை முழுகுங்கோவன்."

கனகரத்தினம் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பைப் தண்ணியிலை முழுகினால் எண்ணெய் போகாது பிள்ளை. மருந்து மணம். மயிரும் தும்பாப் போகும்."

"உங்களுக்கு அந்தப் பயம் என்னத்துக்கு?" என்றார் பத்மாசினி உள்ளிருந்து. கனகரத்தினத்தின் தலையில் எண்ணெய் மினுங்கிய அளவுக்கு மயிர் இல்லை.

ஒழுங்கைக்குள் லொத்தர்ச் சீட்டு விற்கும் ஓட்டோ ஒன்று ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டபடி திரும்பியது. துரைராஜா கையை நீட்டி அதை மறித்தார். ஓட்டோக்காரரிடம் என்ன சொன்னாரோ, அடுத்த நிமிடம் மைக் அவர் கையில். பாடற்குழுவின் அந்தத் தாழ்ந்த குரல் ஒழுங்கையை நிறைத்தது.

"அன்பான புத்தூர் மக்களே! எண்ணெய் வைச்ச ஆக்கள் எல்லாரும் கவனியுங்கோ! கிணத்தடிக்குப் போகாதேங்கோ! பைப்பைத் திறந்து முழுகுங்கோ! ஒழுக்கு எங்கையெண்டு இண்டைக்குக் காணாட்டில் திங்கக்கிழமை பெக்கோ வரும்! உங்கடை புது மதிலுகள், கேற்றுகள் எல்லாத்துக்கும் முன்னாலை கிடங்கு கிண்டும்! கார் உள்ளையெண்டால் உள்ளை, வெளியிலையெண்டால் வெளியிலை!"

மதில் என்ற சொல் வேலை செய்தது. ஒரு வீட்டில் பைப் திறந்தது, பிறகு எதிர்வீட்டில். தோட்டக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒருவர், மரத்தில் கட்டிய ஷவருக்குக் கீழே இன்னொருவர். வெங்காயப் பாத்திக்குத் திறந்துவிட்டார்கள் சில பெண்கள். "இது மனுசர் முழுகிற தண்ணியோ" என்று புறுபுறுத்தபடி கனகரத்தினமும் திறந்தார். லொத்தர்க்காரர் பாட்டைத் திரும்பப் போட்டார்.

ஓடிப்போய்க் கேபிளைப் பிடித்த ஆரபியின் கையில் அது ஒருமுறை துடித்தது. பிறகு, தூண்டிலில் மீன் பிடித்ததுபோல, இழுத்தது!

"போகுது! அண்ணை, போகுது!"

இருபது, ஐம்பது, நூறு. கேபிள் அவள் விரல்களுக்கிடையே வழுக்கிக்கொண்டு ஓடியது. குடை விரிந்து, இருட்டுக் குழாய்க்குள் ஊரின் சனி முழுக்கையெல்லாம் தாண்டிக் காது பறந்துகொண்டிருந்தது. ஹெட்போனில் ஒரே இரைச்சல்; ஒவ்வொரு வீட்டையும் கடக்கும்போது ஒரு சீறல், அடுத்த வீட்டில் இன்னொரு சீறல். அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. அறுநூறில் பிடித்து நிறுத்தினாள்.

நிறுத்தியபிறகுதான் விளங்கியது. அறுபது பைப் திறந்திருக்கும்போது அறுபது ஒழுக்கு. உண்மையான ஒழுக்கு எது?

"அண்ணை... எல்லாரையும் இப்ப பூட்டச் சொல்லவேணும்."

துரைராஜா அவளைப் பார்த்தார். "எல்லாரும் சீயாக்காயோடை நிக்கினம் மிஸ்."

"தெரியும்."

"என்னை அடிப்பாங்கள்."

"தெரியும் அண்ணை."

அவர் மைக்கை நெஞ்சோடு அணைத்து ஒரு கணம் கண்ணை மூடினார், ஜெபமாகக்கூட இருக்கலாம். பிறகு அறிவித்தார். ஒழுங்கையின் இரண்டு பக்கத்திலிருந்தும் எழுந்த சத்தத்தை எழுதமுடியாது. "உவனுக்கு ஆர் மைக்கைக் குடுத்தது?" என்பதுதான் அதில் மரியாதையானது. ஆனாலும் பூட்டினார்கள். வைதபடியே கிணற்றடிகளுக்கு ஓடினார்கள்.

ஆரபி கேபிளைப் பின்னோக்கி இழுக்கத் தொடங்கினாள். ஐந்நூறு, மௌனம். நானூறு, மௌனம். நூறிலும் மௌனம். நாற்பதில் மெல்லிய சீறல் ஒன்று, தேத்தண்ணிக் கேத்தில் கொதிக்கத் தொடங்குவதுபோல. கேபிளை முன்னும் பின்னும் அசைத்தாள். அதே இடம். வீடுகளைக் கணக்குப் பார்த்த துரைராஜா முகத்தைச் சுளித்தார்.

"கனகரத்தினம் அண்ணை வீடு. உவர் பூட்டியிருக்கமாட்டார்."

ஒழுங்கையே திரும்பியது. "ஓய், கனகரத்தினம்! பூட்டுமோய்! உம்மாலை எங்கடை மதில் போகப்போகுது!"

கனகரத்தினம் கேற்றுக்கு வந்தார். தலையிலும் புருவத்திலும் சீயாக்காய். ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை. "முதல் பூட்டினவன் நான்தான். வந்து பார், சொட்டும் வரேல்லை!"

ஆரபி ஹெட்போனை அழுத்திப் பிடித்தாள். அவர் பூட்டிய பைப்போடு நிற்கிறார், சீறல் நிற்கவில்லை.

ஹெட்போனைக் கழற்றித் துரைராஜாவின் காதில் வைத்தாள். அவர் கேட்டார். அவருடைய வாய் மெல்லத் திறந்தது. பெட்டியைப் பற்றி இரண்டு மாதமாகச் சொன்ன பகிடியெல்லாம் அந்த வாயில் ஒன்றும் மிச்சமில்லை.

"மிஸ், இது... இது கதைக்குது."

நீலப் பெயின்ற்றால் கேற்றடியில் ஒரு வட்டம் போட்டார்கள். மதிலோரத்து வாழை குலை தள்ளி, பாரம் தாங்காமல் முட்டுக்கொடுத்து நின்றதை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். "உரம் போட்டனான்" என்றார் கனகரத்தினம், ஒருவரும் கேட்காமலே.

இன்னும் நாற்பது மீற்றர் கேபிள் உள்ளே இருந்தது. ஆரபியின் சிரிப்பு நின்றுவிட்டது. துரைராஜா ஈரத்துணியால் கேபிளைத் துடைத்துக்கொடுக்க, அவள் அங்குலம் அங்குலமாக இழுத்தாள். கடைசி மீற்றரில் குடை வால்வின் உதட்டில் தட்டியது. இழுக்கவில்லை. அரை அங்குலம் விட்டு, சற்றுத் திருப்பி, திரும்ப இழுத்தாள். உள்ளே வந்தது. காது குழலுக்குள் வந்துவிட்டதைக் காட்டும் சிவப்பு அடையாளம் வளையத்துக்கு மேலே தெரிந்ததும் வால்வைப் பூட்டினாள். வடிகுழாயைத் திறக்க, குழலுக்குள் நின்ற தண்ணீர் மட்டும் ஒரு வாளிக்குள் விழுந்து ஓய்ந்தது. காது முழுசாக வெளியே வந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல்.

அவள் மேலதிகாரியை அழைத்தாள்.

"சேர், ஒரு கிடங்கு போதும். ஒரேயொரு கிடங்கு."

"நிச்சயமோ?"

"ஓம் சேர்."

மறுமுனையில் கடதாசி புரளும் சத்தம். "அப்ப பெட்டியை அனுப்பவேண்டாம். உடுப்பிட்டியிலையும் ஒரு ஒழுக்குக் கிடக்கு. செவ்வாய் போங்கோ. உங்கடை ஒப்பந்தக் கடிதத்தைப் பற்றி நான் கொழும்போடை கதைக்கிறன்."

அழைப்பு முடிந்தும் அவள் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கனகரத்தினம் இன்னும் கேற்றடியில் நின்றார், ஒரு கண்ணோடு. கிணற்றடிக்குப் போனால் இங்கே நடப்பதைப் பார்க்க முடியாது. முற்றத்துக் குடங்களில் கைவைக்கப் பத்மாசினி விடமாட்டார்.

"பிள்ளை," என்றார் அவர், "நான் இனித் தலையைக் கழுவலாமோ?"

"கழுவுங்கோ ஐயா!" என்று கத்தினாள் ஆரபி. "நல்லாத் திறந்து விட்டுக் கழுவுங்கோ!"