புள்ளி வைத்த ஃபோல்டர்

பேக்கப் எடுப்பதில் இந்த அருப்புக்கோட்டையில் யாரும் எனக்குப் பாடம் சொல்ல முடியாது என்று நினைத்திருந்தேன். இன்றைக்கும் ஏறக்குறைய அப்படித்தான் நினைக்கிறேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டைப்பிங் கடை வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மற்ற கடைக்காரர்கள் வைரஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதே லினக்ஸுக்கு மாறியவள் நான்.

என் சட்டம் எளிது. சிஸ்டத்தை எடுக்க வேண்டாம், அதை எப்போது வேண்டுமானாலும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். ஹோம் ஃபோல்டரில் நான் உட்கார்ந்து அடித்தது மட்டும் போதும். அதிலும் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்த ஃபோல்டர்கள் வேண்டாம். லினக்ஸ் அவற்றை மறைத்தே வைத்திருக்கும், திறந்து பார்த்தால் பெரும்பாலும் பிரவுசர் குப்பை. விட வேண்டியவற்றின் பட்டியலில் அதை முதல் வரியாக எழுதிவிட்டு, வெள்ளிக்கு வெள்ளி வெளி டிஸ்க்கில் ஏற்றிவிடுவேன்.

போன கோடையில் கடை டிஸ்க் செத்துப்போனது. எனக்கு ஒரு சொட்டுக் கவலை இல்லை. ஒரே மத்தியானத்தில் புது டிஸ்க் போட்டு எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி, பக்கத்து டீக்கடைக்காரரிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

மறுவாரம் பரளச்சியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவளும் புருஷனும் புதிதாக வாங்கிய புஞ்சையில் போர்வெல் போட மறுநாள் காலை வண்டி வருகிறதாம். தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்த்தவர் ஈசானி மூலையில் குச்சி அடித்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் நிலத்தை விற்றவர் முன்பே அதில் எங்கேயோ போர் போட்டு, தண்ணீர் இல்லாமல் மூடி உழுதுவிட்டாராம். எந்த இடம் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு திசை காட்டுகிறார்கள். விற்றவர் ஃபோனே எடுப்பதில்லை.

அந்தப் பக்கமெல்லாம் போர் போட்ட பழைய வண்டிக்காரர் இறந்துவிட்டார். நோட்டுகளைக் கரையான் தின்பதற்குள் என்னிடம் கொடுத்து அடிக்க வைத்திருந்தார்: யார் புஞ்சை, எந்த மூலை, எத்தனை அடி, தண்ணீரா, புழுதியா. அதைத் தேடித்தான் அவள் வந்திருந்தாள்.

“இதுவும் பொய்த்துச்சுன்னா நெலத்த வித்துட்டு திருப்பூருக்குப் போயிருவோம்க்கா. அவுக முடிவு பண்ணிட்டாக” என்றாள்.

உட்காரச் சொல்லிவிட்டு ஃபைலைத் திறந்தேன். உள்ளே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. அது பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் திரையில் தமிழாகத் தெரியாது. அடி, பாறை, தண்ணீர், புழுதி ஒவ்வொன்றும் ஒரே விசைத் தட்டலில் விழும்படி நானே அதைத் திருத்தியிருந்தேன். அது இருந்த இடம், நான் பேக்கப்பில் ஏற்றாமல் விட்ட புள்ளி வைத்த ஃபோல்டர். அட மூதேவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். நெட்டில் கிடைத்த எழுத்துரு மாற்றியில் போட்டால் ஆள் பெயர் அரைகுறையாக வந்தது. நான் சேர்த்த குறிகள் வெறும் கட்டங்களாக நின்றன.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிலத்தை விற்றவர் பெயரை, பழைய எழுத்துருவில் அடிக்கிற அதே விசைகளில் தேடல் கட்டத்தில் அடித்துப் பார்த்தேன். ஒரு வரியில் போய் நின்றது. அந்த வரியின் ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து, கீபோர்டில் அடிப்பதுபோல மேசையில் தட்டினேன். கண்ணுக்குப் புரியாதது விரலுக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் அடித்த கை அல்லவா! தட்டத் தட்ட உரக்க வாசித்தேன்.

“ஈசானி மூலை. அறுநூறு அடி. புழுதி.”

அவள் அங்கேயே ஃபோனை எடுத்து, குச்சியைப் பிடுங்கச் சொன்னாள். போகும்போது திரும்பி நின்றாள்.

“நீங்க கடையில இல்லாத அன்னைக்கு வந்திருந்தா என்னக்கா செஞ்சிருப்பேன்?”

சிரித்து அனுப்பிவிட்டேன். ஆனால் சுருக்கென்றுதான் இருந்தது. பட்டியலில் அந்த முதல் வரியை அன்றே எடுத்தேன். அது பெரிய காரியமில்லை. என் கைக்கு மட்டும் தெரிந்ததை எந்த டிஸ்க்கில் ஏற்றுவது? வண்டிக்காரரின் ஃபைல் முழுவதையும், எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற யூனிகோடில் முதலிலிருந்து அடித்தேன். ஒன்றரை மாசம் ஆனது. முடித்த பிறகு, அவர் எழுதாத ஒரு வரியைக் கடைசியில் நானே சேர்த்தேன்: பரளச்சி, அதே புஞ்சை, கன்னி மூலை, நானூற்று இருபது அடி, தண்ணீர்.