பளிச்சென்று தெரிந்த கண்ணாடி

பயப்படுவதற்கென்றே ஒருத்திக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் அது என் பெண்டாட்டிக்குத்தான் என்று அவள் கணவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். பொய்யில்லை. லேசர் ஒளியிலிருந்து கண்ணைக் காப்பாற்றும் கண்ணாடியை வடிவமைப்பதுதான் அவள் வேலை. இரண்டு மெல்லிய தகடுகள், நடுவே கரித்தூள் கலந்த திரவம். சாதாரண வெளிச்சத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி உள்ளே விடும். லேசர் பாய்ந்தாலோ தூள் சூடேறி, திரவம் குமிழிட்டு, கண் இமைப்பதற்குள் வழியை அடைத்துவிடும்.

அதே வளாகத்தில் லேசரை இயக்குகிறவர் அவள் கணவர். லேசர் பட்டுத் தெறிக்கும் இலக்கை அவர் கண் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கிக்குள் இருப்பது அவள் கண்ணாடி. அந்த ஒரு நினைப்பே அவளை அரித்துத் தின்றது. ஏதாவது ஆகியிருக்குமோ என்று மேசையிலிருந்த மாதிரிகளைத் தினமும் எடுத்து, திருப்பித் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். வருடம் முழுக்க ஒன்றுகூடச் சோதனையில் சொதப்பவில்லை.

நீண்ட விடுமுறை முடிந்து வேலை தொடங்கிய காலை, அவர் போன் செய்தார்.

"உன் கண்ணாடி இன்னைக்குப் பிரமாதம். மங்கலே இல்லை, பளிச்சுன்னு தெரியுது. சரி, நான் உள்ளே போறேன்."

பாராட்டைக் கேட்டதும் அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். மங்கல் எங்கே போனது? விடுமுறை முழுக்கத் தொலைநோக்கிக்குள் அசையாமல் நின்றதில் கரித்தூள் அடியில் தங்கிவிட்டது. மேசையில் இருந்தவற்றில் தூள் தங்காமல் போனதற்கு அவள் திறமை காரணமில்லை. பயந்து பயந்து தினமும் கையிலெடுத்து ஆட்டினாளே, அதுதான். பாழாய்ப்போன பயம் சோதனையையே கெடுத்து வைத்திருந்தது.

திரும்ப அழைத்தாள். அவர் எடுக்கவில்லை. தலைதெறிக்க ஓடினாள். லேசர் அறை வாசலில், உள்ளே லேசர் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சுவரிலிருந்த நிறுத்தும் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

அவர் எரிச்சலோடு வெளியே வந்தார். "என்ன ஆச்சு உனக்கு? இப்பதான் ரெண்டு தடவை சுட்டோம்."

அவள் அவரை எதிர்ச் சுவரைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினாள். தொலைநோக்கியில் வைக்காத இடது கண்ணைத் தன் கையால் பொத்தி, அங்கிருந்த எச்சரிக்கைப் பலகையைப் படிக்கச் சொன்னாள். இவளுக்கு வேறு வேலையில்லை என்று முனகிக்கொண்டே ஆரம்பித்தவர், பாதியில் நின்றார். தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார்.

"ஒரே ஒரு எழுத்து மட்டும் தெரியலை," என்றார்.

"எந்த எழுத்து?"

அவர் குரல் இறங்கிவிட்டது.

"எதைப் பார்க்கிறேனோ, அந்த எழுத்து."