சில்வர் பேனாவில் எழுதிய ஏழு

ரயிலில் எதிர் இருக்கைப் பெண் போனில் சுடோகு போட்டுக்கொண்டிருந்தாள். தப்பான எண்ணைத் தட்டினால் கட்டம் சிவக்கிறது. உடனே அழித்துவிட்டு வேறொன்றைத் தட்டுகிறாள். தப்பைத் திருத்துவது எவ்வளவு சுலபமாகிவிட்டது! இறங்கும்வரை எனக்குப் பர்வீன் நினைவுதான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நான் பேக்கிங், அவள் செக்கிங். பசை வாசனை நாங்கள் கொண்டுபோகும் சோற்றில்கூட ஏறியிருக்கும். மதியம் சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் டிபன் பாக்ஸை மூடியதும், டீக்கடையில் கேட்டு வாங்கிய முந்தின நாள் பேப்பரை விரிப்போம். ஒரே பக்கத்தில் மேலே எண் கட்டம், கீழே எழுத்துக் குவியலுக்குள் ஒளிந்திருக்கும் சொற்கள். எண்கள் அவளுக்கு, சொற்கள் எனக்கு. பத்தாவதில் கணக்கில் இரண்டு முறை கோட்டைவிட்டவள் நான். ஆனால் எழுத்துகளுக்குள் பதுங்கிய ஊர்ப் பெயர் என் கண்ணுக்குத் தப்பாது. ஒருமுறை தலைகீழாகக் கிடந்த ‘காவேரிப்பாக்கம்’ அகப்பட்டது. நீங்கள் சிரிக்கலாம், அந்த ஊர்ப் பெரிய ஏரியையே நான் வெட்டியதுபோல அன்று முழுக்கத் திரிந்தேன்.

பர்வீன் தோலில் குறியிடும் சில்வர் பேனாவால் எழுதுவாள். ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவாள். “இங்க நாலு வராது, அங்கயும் வராது. அப்ப இன்னா, இங்கதான் வந்தாகணும்.” எழுதி முடித்ததும் அவள் முகத்தில் வரும் நிம்மதியை வேறெப்போதும் பார்த்ததில்லை.

ஒரு நாள் என் கடைசிச் சொல் அகப்படுவதற்குள் மணி அடித்துவிட்டது.

“உள்ள எடுத்துனு போவாத, பேஜாராய்டும்” என்றாள்.

“ஒரே வார்த்தைதான்டி” என்று நான்தான் பேப்பரைப் பிடுங்கிக்கொண்டு போனேன். மேஜையில் வைத்துத் தேடும்போது சூப்பர்வைசர் வந்தார். கையிலிருந்த ஷூவுக்குள் பேப்பரைத் திணித்தேன். அவர் பேசி முடித்து நகர்வதற்குள் அந்த ஷூவைப் பக்கத்து மேஜைக்காரி பெட்டியில் போட்டு மூடி அனுப்பிவிட்டாள்.

வெளிநாட்டுக்குப் போகும் ஷூவுக்குள் வெள்ளைக் காகிதம் தவிர எதுவும் இருக்கக் கூடாது. மறுநாள் வாங்குகிறவர்களின் ஆள் சோதிக்கத் திறந்த பெட்டிகளில் அதுவும் ஒன்று. லோடு முழுவதும் நின்றது. மேனேஜர் எல்லோர் முன்னாலும், கோடு போட்ட சில்வர் ஏழுகள் தெரியப் பேப்பரைத் தூக்கிக் காட்டினார்.

“எழுத்து என்னுதுதான் சார். ஷூல நான் வெக்கல” என்றாள் பர்வீன்.

“அப்ப யார் வெச்சது?”

அவள் என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நாலு மேஜை தள்ளி நின்று, மடித்த காகிதத்தையே நான் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

என் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பேர் கெட்டுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் தெரு வழியாகப் போவதையும் விட்டேன்.

பல வருஷம் கழித்து வாலாஜாபேட்டை பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் உளறினேன். கோபப்படாமல் கேட்டுக்கொண்டாள்.

“நீ வருவேன்னு ஒரு வாரம் எங்கியும் வேலை கேக்காம வீட்லயே இருந்தேன்” என்றாள். பஸ் வந்ததும் கையை மெல்ல விடுவித்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது மனை பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். பேப்பரில் அந்தப் பக்கமும் வருவதில்லை. அதெல்லாம் போகட்டும். அந்த ஒரு வாரத்தில் எந்த நாள் போயிருந்தாலும் அவள் எனக்குக் கதவைத் திறந்திருப்பாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டே தெரு.