வெள்ளிக்கிழமை படுத்துக்கொண்ட சீரியல் போர்ட்

நான் உள்ளே நுழைவதற்கு முன்பே மேனேஜர் குற்றவாளியைப் பிடித்து வைத்திருந்தார். உத்திரமேரூரில் விவசாயக் கடன் கொடுக்கும் ஒரு தனியார் கிளை அது. காஞ்சிபுரத்துத் தலைமை அலுவலகத்துக்கு லீஸ்டு லைன் என்னும் வாடகைத் தனி லைன் வழியாக இணைப்பு. ரூட்டர் வைத்துக் கொடுத்தது எங்கள் கம்பெனி. அந்த லைன் வெள்ளிக்கிழமைதோறும் காலையில் படுத்துவிடும். கடனுக்கு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

மேனேஜர் பிடித்து வைத்தது கன்னியம்மாவை. ஊருக்கு வெளியே இருளர் குடியிருப்பிலிருந்து வந்து ஆபீஸைக் கூட்டிப் பெருக்குகிறவர். வெள்ளிக்கிழமை ரூட்டர் ரூமைக் கழுவிவிடுவார். கழுவின கொஞ்ச நேரத்தில் லைன் போய்விடும். "இவதான் ஒயரைப் புடுங்கறா. இன்னியோட அனுப்பிடறேன், நீங்க ரிப்போர்ட்ல மட்டும் எழுதிக் குடுங்க," என்றார் மேனேஜர். கன்னியம்மா கதவோரம் துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

இந்தத் தொழிலில் நான் சேர்த்த ஒரே சொத்து சந்தேகம். கஸ்டமர் சொல்வதை நம்ப மாட்டேன். எங்கள் ஆள் சொல்வதை அதைவிட நம்ப மாட்டேன். வாராவாரம் வந்து லைனைச் சரிசெய்துவிட்டுப் போன எங்கள் தினகரன்தான், யாரோ கேபிளைத் தொடுகிறார்கள் என்று மேனேஜர் காதில் போட்டது. ரிப்போர்ட்டுக்கு மேனேஜர் பறந்த பறப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

லேப்டாப்பை கன்சோல் கேபிளால் ரூட்டரில் மாட்டிப் பார்த்தேன். லைன் வந்து சேரும் சீரியல் போர்ட் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்' என்றது. புதிதாக வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒயர் கழன்றாலோ மோடம் செத்தாலோ வெறும் 'டவுன்' என்றுதான் வரும். இந்த நீள வார்த்தை வந்தால், ஷட்டவுன் கட்டளை கொடுத்துப் போர்ட்டை மூடியிருக்கிறார்கள் என்று பொருள். துடைப்பத்தை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது, பாஸ்வேர்டு வேண்டும்.

பாஸ்வேர்டு என்னை விட்டால் தினகரனுக்குத்தான் தெரியும். அவனே மூடி, அவனே திறந்து, பேர் வாங்குகிறானோ? அப்படியும் நினைத்தேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அவன் லீவு, பழையசீவரத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து.

ரூட்டர் எப்போதிலிருந்து ஓடுகிறது என்று பார்த்தேன். அன்று காலையில்தான் அணைந்து எழுந்திருக்கிறது. பிறகு சேமித்து வைத்த கான்ஃபிகரேஷனை, ரூட்டர் எழும்போது படிக்கும் கட்டளைப் பட்டியலை, திறந்தேன். அதில் ஷட்டவுன் உட்கார்ந்திருந்தது. லைன் வருவதற்கு முன்பே ரூட்டரை வைத்ததால் போர்ட்டை மூடியபடியே சேமித்திருந்தோம். லைன் வந்ததும் தினகரன் 'நோ ஷட்டவுன்' கொடுத்துத் திறந்திருக்கிறான். 'ரைட்' கட்டளை கொடுத்துச் சேமிக்கவில்லை. கரன்ட் போனால் ரூட்டர் திறந்ததை மறந்துவிட்டு மூடினபடியே எழும். அவனும் வாராவாரம் வந்து திறந்துவிட்டு, சேமிக்காமலே போயிருக்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்படியானால் யூபிஎஸ் இருக்கும்போது ரூட்டரை அணைத்தது யார்? மேனேஜர் மறுபடி கன்னியம்மாவைப் பார்த்தார். நான் ரூட்டரைப் பார்த்தேன். முகப்பில் ஈரம் காயாத சந்தனம், நடுவே குங்குமம். யார் வைத்தது என்று கேட்டேன்.

மேனேஜர் பெருமையாகவே சொன்னார். வெள்ளிக்கிழமை ரூம் கழுவி முடித்ததும் பூஜை அவர் கையால்தானாம். ஷாக் அடிக்குமே என்று முதலில் ரூட்டர் சுவிட்சை அணைத்து, ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி... பாதியிலேயே அவர் கண் சுவிட்சுக்குப் போனது.

போர்ட்டைத் திறந்தேன், கையோடு சேமித்தேன். சுவிட்சை அவரையே அணைத்துப் போடச் சொன்னேன். லைன் தானாக வந்தது.

"சரி சார், மிஷின் ஃபால்ட்டுன்னு எழுதிடுங்க. அவ வேலையில இருக்கட்டும்," என்றார்.

கன்னியம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். "மிஷின் தப்புன்னு எய்தினா, மிஷினா சார் தல குனிஞ்சிக்கினு வூட்டுக்குப் போவுது? இத்தினி நாளா கவுண்டர்ல கீறவங்க என்னியதான் ஒரு மாதிரி பாத்துக்கினு இருந்தாங்க. அவங்களாண்ட வந்து சொல்லுங்க."

மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். எங்கள் ஆள் சேமிக்காததையும் அவர் ரூட்டரை அணைத்ததையும் எழுதி, கையெழுத்துக்கு அவரிடமே நீட்டினேன்.

இளைஞர்களுக்குச் சொல்வேன்: தாராளமாகச் சந்தேகப்படுங்கள், நம் பிழைப்பே அதுதான். ஆனால் திருப்பிக் கேட்க முடியாத ஆளிடமிருந்து அதைத் தொடங்காதீர்கள். அன்று மேனேஜர் கவுண்டர் முன் நின்று, கன்னியம்மா மேல் தப்பில்லை, தான்தான் அணைத்தது என்று முணுமுணுத்தார்.

"பின்னால கீறவங்களுக்குக் கேக்கல சார்," என்றார் கன்னியம்மா.

மேனேஜர் மறுபடி, உரக்கச் சொன்னார்.